காரம் இரண்டு தேக்கரண்டி

கோயமுத்தூரில் யாருக்கும் வேர்க்காது என்று ஒரு பேச்சு உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும், சித்திரையில்கூடச் சாயங்காலமானால் துண்டைப் போர்த்திக்கொள்ளலாம் என்று மெட்ராஸ்காரர்களிடம் நாங்கள் பீற்றிக்கொள்வோம். 1993-இல் அந்தப் பெருமையை ஊருக்குள் இருந்துகொண்டே கெடுத்தவன் நான் ஒருவன்தான். எனக்கு மார்கழியில் வேர்க்கும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் வேர்க்கும். "வேர்க்குதுங்களா சார்?" என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்விக்கென்று தனியாக ஒருமுறை வேர்க்கும்.

பெயர் சீனிவாசலு. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் வாத்தியார். அதுவும் தற்காலிக வாத்தியார். இரண்டு வருஷமாகத் தற்காலிகம்.

வேர்வை போகட்டும், துடைத்துக்கொள்ளலாம். அது விட்டுப்போகிற கறைதான் தொல்லை. என் சட்டைகளின் அக்குளில் பக்கத்துக்கு ஒன்றாக மஞ்சள் தேசப்படம் விழுந்திருந்தது. ஓரத்தில் பழுப்பு, நடுவில் நல்ல மஞ்சள். நதிகளை மட்டும் குறித்துக் கொடுத்திருந்தால் சமூக அறிவியல் டீச்சர் கேட்டு வாங்கிப் போயிருப்பார். கையைத் தொங்கப்போட்டிருக்கும் வரைக்கும் அது உலகத்துக்குத் தெரியாது. ஆனால் வாத்தியார் பிழைப்பு கையைத் தூக்குகிற பிழைப்பாயிற்றே. அதனால் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதப் பழகிக்கொண்டேன். தோளுக்கு மேலே கை போகாது. சூரியக் குடும்பம் மொத்தத்தையும் இடுப்பு உயரத்தில் சுற்றவிட்டவன் நான். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்து எழுதினார்கள். எனக்குக் 'குனிஞ்ச சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அடக்கமானவன் என்ற அர்த்தத்தில் என்று நானாகவே வைத்துக்கொண்டேன்.

அதற்கு முந்தைய வருஷம் தை மாதம்தான் எனக்கும் வரலட்சுமிக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. எங்கள் இருவர் வீட்டிலும் தெலுங்குதான் பேச்சு. தெலுங்கு என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். விஜயவாடாக்காரர்கள் கேட்டால் "தமிழ் எவ்வளவு அழகாகப் பேசுகிறீர்கள்" என்பார்கள். பல தலைமுறையாகக் கோயமுத்தூர்த் தண்ணீர் குடித்த தெலுங்கு. ஆகவே எங்கள் பேச்சையெல்லாம் இங்கே தமிழிலேயே எழுதிவிடுகிறேன், பெரிய மொழிபெயர்ப்பு ஒன்றும் தேவைப்படாது.

வரலட்சுமியின் அண்ணன் ராமுலுவுக்குச் சோமனூரில் கழிவுப் பஞ்சு குடோன் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை வாழைத்தாரோடு வருவார். தாரை இறக்கி வைத்த கையோடு பேச்சையும் இறக்கி வைப்பார்.

"ஏனுங் மாப்ளே, இன்னும் எத்தன நாளைக்கு டெம்ப்ரவரியாவே இருப்பீங்க? பேசாம குடோனுக்கு வந்துருங்க. மேற்பார்வைதானுங்க. அங்க நீங்க சட்டையே போட வேண்டியதில்ல."

நல்ல மனதோடுதான் சொன்னார். சட்டையே தேவைப்படாத வேலை என்பது எனக்குச் சொர்க்கமாகப் பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்த வகுப்புதான் வேண்டும். மெழுகுவத்தி மேல் டம்ளரைக் கவிழ்த்துத் தீ அணையும்போது நாற்பது பிள்ளைகள் ஒன்றாக "அட!" என்பார்களே, அது வேண்டும். பஞ்சுப் பொதி எதுவும் என்னைப் பார்த்து "அட!" என்று சொல்லப்போவதில்லை. வரலட்சுமிக்கும் இது தெரியும். "இந்த வருசம் மட்டும் பாக்கலாமுங்கண்ணா. நெரந்தரம் ஆகலீன்னா அவிங்களே வந்துருவாங்க" என்று அண்ணனிடம் தவணை வாங்கி வைத்திருந்தாள்.

அந்தத் தவணை ஆகஸ்டில் முடிவுக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை தலைமையாசிரியர் ஈஸ்வரமூர்த்தி என்னைக் கூப்பிட்டார். கடுஞ்சொல் ஒன்று வாயில் வந்தால் அதைச் சர்க்கரையில் புரட்டி எடுத்துத்தான் வெளியே விடுவார், அப்படிப்பட்ட மனிதர்.

"சீனிவாசலு சார், வர்ற வெசாலக்கெழம தாளாளரும் கமிட்டிக்காரங்களும் உங்க கிளாஸ்ல வந்து உக்காருவாங்க. அமிலங்களும் காரங்களும் நடத்துங்க. அவிங்களுக்குப் புடிச்சுப்போச்சுன்னா நெரந்தரம். இல்லீன்னா…" என்று நிறுத்தி, மேசை மேலிருந்த உலக உருண்டையை மெதுவாகச் சுற்றிவிட்டார். உலகம் பெரியது, வேறு எங்காவது பிழைத்துக்கொள் என்று பொருள்.

நான் கிளம்பும்போது, "அப்பறம் சார், ஒரே ஒரு விண்ணப்பமுங்க" என்றார். "போர்டுல மேல்பாதி இந்த ரெண்டு வருசமா சும்மாவே இருக்குது. அதுக்கும் கொஞ்சம் வேலை குடுங்க."

சட்டையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நான் வெளியே வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது.

வகுப்புப் பார்வைக்கு வெள்ளைச் சட்டைதான் வழக்கம். என்னிடம் இருந்த ஒரே உருப்படியான வெள்ளைச் சட்டை கல்யாண வரவேற்புக்குத் தைத்தது. வரவேற்பில் நானூறு பேருக்குக் கும்பிடு போட்டதில் அதன் அக்குளும் மஞ்சளாகியிருந்தது. நான் பி.எஸ்ஸி. வேதியியல் ஆயிற்றே, ஒரு கறைக்கு அடுத்தவரிடம் யோசனை கேட்பதா என்று ஞாயிற்றுக்கிழமை நானே களத்தில் இறங்கினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊறவைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், சட்டையின் மற்ற இடமெல்லாம் பால் மாதிரி வெளுத்திருக்க, அக்குள் மட்டும் அடுப்பில் வைத்த நெய் மாதிரி இன்னும் நன்றாக நிறம் ஏறியிருந்தது. முன்பு கறை இருந்தது. இப்போது அதற்குப் பின்புலமும் அமைத்துக் கொடுத்துவிட்டேன்.

"முன்னைக்கு இது பரவால்லீங்களா?" என்று வரலட்சுமி கேட்டாள். அவள் கேலி செய்தாளா, நிஜமாகவே கேட்டாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை, ஆசிரியர் அறையில் தையல் டீச்சர் பாத்திமுத்துவிடம் போய் நின்றேன். என் ஒன்றுவிட்ட தம்பிக்கு ஒரு சட்டையில் இப்படிக் கறை என்று ஆரம்பித்தேன். அவர் ஊசியில் நூல் கோத்தபடி, தலையைத் தூக்காமலேயே கேட்டார்.

"உங்க தம்பி அதுக்குப் பிளீச்சிங் போட்டாருங்களா சார்?"

"எப்படிங் டீச்சர் கண்டுபுடிச்சீங்க?"

"எல்லா தம்பிகளும் மொதல்ல அதத்தான் போடுவாங்க. வேர்வைக் கறைக்குப் பிளீச்சிங் ஆகாதுங்க, இன்னும் மஞ்சளாக்கிப்புடும். சோடா உப்பு இருக்குல்ல, ஆப்பத்துக்குப் போடறது? ரெண்டு ஸ்பூன் எடுத்துத் தண்ணியில கொழைச்சுக் கறை மேல பூசச் சொல்லுங்க. ஒரு மணி நேரம் ஊறட்டும். பழைய பல்லு பிரஷ்ல மெதுவாத் தேய்ச்சுப் பச்சத் தண்ணியில அலசோணும். கறை போகற வரைக்கும் இஸ்திரி மட்டும் போட்ற வேண்டாம். சூடு பட்டுச்சுன்னா கறை அங்கயே குடி வந்துரும்." பிறகு தலையைத் தூக்கிப் பார்த்து, "தம்பிக்கு வெசாலக்கெழம நல்லபடியா நடக்கட்டுங்க சார்" என்றார்.

புதன்கிழமை எனக்குப் பள்ளியில் மறுநாள் பாடத்துக்குப் படங்கள் வரைகிற வேலை இருந்தது. காலை ஏழரைக்கே கிளம்பினேன். அன்றைக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிற முறை; வரலட்சுமி தெருக்குழாயில் குடங்களோடு நின்றாள். அங்கே போய் அத்தனை பெண்களுக்கு நடுவில் அக்குளைப் பற்றிப் பேச வெட்கமாக இருந்தது. ஒரு தாளில் எழுதி, சட்டையின் மேல் வைத்துவிட்டுப் போனேன்.

சோடா உப்பு என்று எழுதியிருக்கலாம். பாத்திமுத்து டீச்சர் சொன்னது அதுதானே. ஆனால் கையில் பேனா இருந்தது, மறுநாள் நடத்தப்போகிற பாடம் தலையில் இருந்தது, பி.எஸ்ஸி. வேறு இருந்தது. இப்படி எழுதினேன்: 'வியர்வை அமிலத்தன்மை உடையது. ஆகவே, சட்டையின் அக்குள் பகுதியில் காரம் இரண்டு தேக்கரண்டி நீரில் குழைத்துத் தடவி, ஒரு மணி நேரம் ஊறவைத்து, தேய்த்து அலசி, வெயிலில் உலர்த்தவும்.'

தமிழ் வழியில் அறிவியல் படித்தவர்களுக்குக் காரம் என்றால் அமிலத்துக்கு எதிர்க்கட்சி. சோப்பு, சுண்ணாம்பு, சோடா உப்பு எல்லாம் அந்தக் கட்சிதான். ஆனால் எங்கள் வீட்டுத் தெலுங்கில் காரம் என்றால் ஒரே ஒரு பொருள்தான் உண்டு. அது அடுப்படி அலமாரியில், வெந்தயத்துக்குப் பக்கத்து டப்பாவில் இருக்கும். மிளகாய்ப்பொடி.

வியாழக்கிழமை காலையில் சட்டை கஞ்சி போட்டு, கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். அக்குளில் மஞ்சள் மங்கி, அந்த இடத்தில் லேசாக ஒரு செம்மை தெரிந்தது.

"கொஞ்சம் செவப்பா நின்னுபோச்சுங்க" என்றாள் வரலட்சுமி தயங்கித் தயங்கி. "மூணு தடவ அலசிப்போட்டேன். அதுக்கு மேல போகலீங்க. இன்னொருக்கா ஊறவெச்சு இஸ்திரிய நாளைக்குப் போடலாம்னா உங்களுக்கு வேற வெள்ளச் சட்டையும் இல்ல."

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும் என்பது நான் அன்றைக்கு நடத்தப்போகிற பாடத்திலேயே இருந்தது. வேட்டியில் விழுந்த சாம்பார் கறையில் சோப்புப் போட்டால் சிவக்கிறதே, அதேதான். சட்டையில் எப்போதோ பட்ட மஞ்சள் இருந்திருக்கும், காரம் வேலை செய்திருக்கிறது என்று முடிவுகட்டினேன்.

"செவந்திருக்குதுன்னா சரியாப் பண்ணியிருக்கீன்னு அர்த்தம் அம்மணி. கெமிஸ்ட்ரி!" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. கையில்லாத திருப்பூர் பனியனைப் போட்டு, அதன் மேல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கஞ்சி மொடமொடத்தது. அக்குளில் ஏதோ சுறுக்கென்றது. புதுக் கஞ்சி என்று நினைத்தேன்.

முதல் மணி. கடைசி வரிசையில் நாற்காலிகள் போட்டுத் தாளாளரும் மூன்று கமிட்டிக்காரர்களும் தலைமையாசிரியரும் உட்கார்ந்திருந்தார்கள். தாளாளர் மில் முதலாளி. வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. அவருக்கு வேர்க்கவே வேர்க்காது என்று தோன்றியது.

நான் எட்டி, கரும்பலகையின் உச்சியில் 'அமிலங்களும் காரங்களும்' என்று எழுதினேன். இரண்டு வருஷத்தில் முதல்முறை. பிள்ளைகளிடம் சலசலப்பு எழுந்தது. முன் பெஞ்சில் சண்முகப்ரியா என்ற பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "சாருக்குக் கை நிமிந்துபோச்சு புள்ள" என்றது எனக்குக் கேட்டது. மனதுக்குள் ஒரு கர்வம் வந்தது. கர்வத்தோடு வேர்வையும் வந்தது.

வேர்வை பட்டதும் கஞ்சி இளகியது. கஞ்சிக்குள் தையல் ஓரத்தில் பதுங்கியிருந்ததெல்லாம் வெளியே வந்தது. முதலில் அரிப்பு. எலுமிச்சம்பழத்தைக் காட்டி, "இது அமிலம்" என்றேன். அடுத்து எரிச்சல். "அமிலம் புளிக்கும்" என்றபோது குரல் கொஞ்சம் ஏறியது. அதற்கடுத்து வந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. இரண்டு அக்குளிலும் யாரோ தோசைக்கல்லை வைத்து அழுத்தினார்கள். கையை உடம்போடு ஒட்டினால் உயிர் போயிற்று. விலக்கினேன். அதுவும் போதவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, போலீசிடம் பிடிபட்டவன் மாதிரி வகுப்புக்கு முன்னால் நின்றேன். ஒற்றைக்காலில் கொஞ்சம் குதித்ததாகவும் பிற்பாடு சொன்னார்கள்.

"என்னாச்சுங்க சார்?" என்று நாலைந்து குரல்கள்.

அப்போதுதான் அந்த வாசனை மூக்கில் ஏறியது. குண்டூர் மிளகாய். தாளில் எழுதிய ஒவ்வொரு எழுத்தும் கண் முன்னால் வந்து நின்றது. தும்மல் வந்தது. சிரிப்பும் வந்தது. அழுகையும் பக்கத்தில்தான் நின்றது.

ஈஸ்வரமூர்த்தி எழுந்தே விட்டார். "சார், ஒடம்புக்கு முடியலீங்களா? வேண்ணா இன்னொரு நாளைக்கு…"

இன்னொரு நாள் என்று ஒன்று கிடையாது என்று எனக்குத் தெரியும். கையைத் தூக்கியபடியே பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டேன். "காரம்னா என்னன்னு நெனைக்கறீங்க? புத்தகத்துல இருக்கறதச் சொல்ல வேண்டாம். நெசமாலுமே மனசுல என்ன தோணுது?"

சண்முகப்ரியா மட்டும் மெல்ல எழுந்தாள். "மொளகாங்க சார்."

"வேற யாருக்கெல்லாம் மொளகான்னு தோணுது? கையத் தூக்குங்க."

முதலில் இரண்டு, அப்புறம் ஐந்து, அப்புறம் வகுப்பு முழுக்க. எல்லோருடைய கையும் என் கை மாதிரியே மேலே நின்றது. இரண்டு வருஷமாக 'சோப்பு ஒரு காரம்' என்று வந்த பிள்ளைகளையெல்லாம் எழுத வைத்திருந்தேன். சோப்பு எங்கே உறைக்கிறது என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

"அப்படித்தான் எங்க ஊட்டுலயும் ஆயிப்போச்சு" என்று சட்டைக் கதையைச் சொன்னேன். கீழ்ப்பாதிப் போர்டு முதற்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்க இனி என்ன இருக்கிறது, இரண்டு அக்குளும்தான் அரங்கேறிவிட்டனவே. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "மொளகாப்பொடியப் போட்ட புண்ணியவதி யாருங்க? உங்க வீட்டம்மாங்களா?"

"இல்லீங்க" என்றேன். "போட்டது நாந்தானுங்க. படிக்கறவங்களுக்குப் புரியாத வார்த்தைய எழுதி வெச்சுப்போட்டு வந்தது நாந்தானே. அவிங்க எழுதியிருந்தத அப்படியே செஞ்சாங்க. தப்பாப் படிக்கலீங்க, நான் தப்பா எழுதுனேன்."

சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினால், வரலட்சுமி நின்றுகொண்டிருந்தாள்.

நான் கிளம்பிய பிறகு அவளுக்கு மனசு ஆறவில்லையாம். என் பழைய பாடப்புத்தகத்தை எடுத்துக் காரத்தைத் தேடிப் படித்திருக்கிறாள். 'காரங்கள் கசக்கும், தொட்டால் வழுவழுப்பாக இருக்கும்.' மிளகாய் எப்போதடா கசந்தது என்று யோசித்தவள், எனது பழைய நீலச் சட்டையை ஒரு பையில் திணித்துக்கொண்டு, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் மூன்று மைல் வெயிலில் ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறாள். நிலைப்படியில் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள். முந்தானை ஒதுங்கியிருந்தது. கறுப்பு ரவிக்கையின் அக்குள் தொப்பலாக நனைந்து, ஈரத்தைச் சுற்றி உப்புப் பூத்த வெள்ளை வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக, பல நாளைய வளையங்கள்.

ஒன்றரை வருஷத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. என் சட்டையைத் தவிர வேறு எதைப் பார்த்தேன்?

குழாயடிக்கு ஓடிக் கழுவி, நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பி வந்து, மிச்சப் பாடத்தை நடத்தினேன். காரத்துக்குப் பக்கத்தில் சவுக்காரம் என்று எழுதினேன். பிள்ளைகளின் வீட்டில் பெரியவர்கள் சோப்பை அப்படித்தான் சொல்வார்கள். "சவுக்காரத்துல இருக்கற காரம்தான் பாடத்துல இருக்கற காரம். மொளகாயில இருக்கறது வெறும் கோவம்" என்றேன். "அட!" என்றார்கள். சுண்ணாம்புத் தண்ணீரில் மஞ்சளைச் சிவக்க வைத்தபோது இன்னொரு முறை சொன்னார்கள்.

தாளாளர் போகும்போது என்னைத் தாண்டி நேரே நடந்தார். வாசலில் ஒதுங்கி நின்ற வரலட்சுமியைப் பார்த்து, "வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சுப்போட்டுப் போங்க அம்மணி" என்றார்.

நாலு மணிக்கு ஈஸ்வரமூர்த்தி கூப்பிட்டனுப்பினார். "திங்கக்கெழம ஆர்டர் கைக்கு வந்துருமுங்க சார்" என்றார். நான் அழுதுவிடுவேனோ என்று பயந்தோ என்னவோ, அவசரமாக மேலே பேசினார். "கமிட்டியில ஒரே ஒரு கண்டிசனுங்க. செய்முறை வெளக்கத்தயெல்லாம் இனிமே ஒடம்புல செஞ்சு காட்ட வேண்டாம்னாங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பின்னாலிருந்த துவைக்கிற கல்லில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். ஆர்டர் விஷயத்தைச் சொன்னதும் வரலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு நான் குதித்ததை நினைத்து அதைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகச் சிரித்தாள்.

"சந்தேகமா இருக்கவேதானுங்க பக்கத்தூட்டு பங்காரம்மாவக் கூப்புட்டுக் காட்டுனேன். பெரிய வேலைக்குப் போறாங்கல்ல, திருஷ்டிக்கா இருக்கும், படிச்சவங்க அத வெளிய சொல்ல மாட்டாங்கன்னு சொல்லிப்போட்டாங்க. நானும் மூணு தடவ சுத்திப்போட்டுத்தான் தடவுனேன்."

சோடா உப்பைக் குழைத்து வெள்ளைச் சட்டையின் அக்குளில் பூசி வைத்தேன். பல் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, "அந்தக் கறுப்பு ரவிக்கையக் கொண்டா" என்றேன்.

"எதுக்குங்க?"

"அதுலயும்தான் கறை இருக்குது."

அவளுடைய கை தானாகப் போய் முந்தானையை இழுத்து மூடியது. "பாத்துப்போட்டீங்களா?" என்றாள் சின்னக் குரலில். "பொம்பளைக்குப் போயி இப்படி வேர்க்குதேன்னு வந்த நாள்ல இருந்து மறைச்சே வெச்சிருந்தேனுங்க. அதுக்குத்தான் உங்க முன்னால கையவே தூக்கறதில்ல. பரண்ல இருந்து டப்பாவ எடுக்கோணும்னா எட்டலீங்கம்பேன்."

பரணிலிருந்து எல்லா டப்பாக்களையும் ஒன்றரை வருஷமாக நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைவிட இரண்டு விரற்கடை உயரம் என்பது அந்தக் கல்லில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

உள்ளே போய் ரவிக்கையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். ஒன்றல்ல, நாலு.

"கறுப்புத் துணிங்க, சாயம் போயிராம பாத்துத் தேய்ங்க" என்றாள். "நான் போயி வெந்தயத்துக்குப் பக்கத்துல இருக்கற டப்பா மேல பேரு எழுதி ஒட்டறேன். என்னன்னு எழுதட்டுங்க?"